செருப்பு தொங்கினால் ஆள் உள்ளே

வலது செருப்பின் வாரையும் இடது செருப்பின் வாரையும் சேர்த்துப் பிடித்து, துணிக்கீற்றால் இறுக்கிச் சுற்றி, ஒரு முடிச்சிட்டு, அந்த முடிச்சின் மேல் மற்றொன்றும் இட்ட பிறகே பத்திரக்கா அந்தச் சோடியைக் கொடியில் மாட்டுவார். மாட்டியபின் சற்றுப் பின்னே நகர்ந்து நின்று, அது விழுந்துவிடுமோ என்று பார்ப்பார். விழாது. என்றாலும் பார்ப்பார். அதற்குள் அடுத்தவர் படியேறி வந்து, நனைந்த காலோடு காத்து நிற்பார்.

"அக்கா, செருப்புதானே? என்னமோ தங்கத் தோடு மாதிரி மாட்டுறீங்க" என்று யாரேனும் அவசரப்படுத்தினால், "தோடு போனா காது மிஞ்சும். செருப்பு மெதந்து போனா என்ன ஆகும்னு இங்க இருந்தவங்களைக் கேளுங்க" என்று விடை வரும். கை நிற்காது.

பத்திரம் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. புறப்படுகிறவரைப் பார்த்து "பத்திரம்" என்பார்; வந்து சேர்ந்தவரைப் பார்த்து "பத்திரமா வந்தியா" என்பார்; சும்மா உட்கார்ந்திருப்பவரையும் விடாமல் "பத்திரமா உக்காருப்பா, பெஞ்சு ஆடுது" என்பார். சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லே அவர்மீது ஒட்டிக்கொண்டது. உண்மைப் பெயரை அவருடைய தம்பியே சற்று யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் அஞ்சாத பொருள் அந்த வட்டாரத்தில் ஏதேனும் உண்டா என்பது ஐயமே. எரிவாயு உருளையை மூடிவிட்டு வெளியே வந்தவர், தெருமுனை வரை போய்த் திரும்பிவந்து மூக்கால் மோந்து பார்ப்பார். மகள் வீட்டுக்குப் போனால் மின்தூக்கியில் ஏறுவதில்லை. மாடி மாடியாக நின்று மூச்சு வாங்கி ஏறுவார். மின்விசிறிக்கு நேர்கீழே அமர மாட்டார். பேருந்தில் கதவோரம் இடம் கிடைத்தால்தான் பயணம். எல்லாவற்றிற்கும் மேலாகத் தண்ணீர். குளிக்கும்போதுகூடக் கண்ணை மூடிக்கொண்டு தலையில் நீர் ஊற்றுவதில்லை. கண்ணைத் திறந்து, வாளியைப் பார்த்தபடியேதான்.

"இவ்வளவு பயம் எங்கேருந்துக்கா வந்துச்சு?" என்று கூடத்துச் சமையல்காரர் ஒருமுறை கேட்டார்.

"கடவுள் எல்லாருக்கும் பயத்தைப் பங்கு போட்டுக் குடுத்தப்ப நீங்கல்லாம் வரிசையில நிக்கல போல. மிச்சத்தை மொத்தமா எங்கிட்டக் குடுத்துட்டாரு."

"அப்ப என் பங்கு உங்ககிட்டயே இருக்கட்டும். நான் அண்டா கழுவணும்" என்று சொல்லிவிட்டுச் சமையல்காரர் போனார்.

அவர் வேலை பார்ப்பது ஒரு பிரார்த்தனைக் கூடத்தில். ஆற்றை ஒட்டிய கீழ்த்தெருவுக்கு மேலே, மேட்டில், சுற்றுச்சுவருக்குள் அது நிற்கிறது. மற்ற நாள்களில் காலையும் மாலையும் தொழ வருகிறவர்களின் காலணிகளைப் பார்த்துக்கொள்வதோடு அவர் பணி முடிந்துவிடும். ஆறு பொங்கும் நாள்களில் கூடத்தைச் சார்ந்த அறப்பணிச் சங்கத்தார் உள்ளே பாய்களை விரித்து, பின்கட்டில் பெரிய அடுப்புகளை மூட்டி, வாயிலைத் திறந்துவிடுகிறார்கள். கீழ்த்தெரு முழுவதும் மேடேறி வருகிறது. அவ்வேளைகளில் பத்திரக்கா பார்த்துக்கொள்ளும் நீண்ட முகப்பு, கொடி கொடியாகச் செருப்புத் தோரணம் கட்டிய பந்தல்போல் ஆகிவிடும்.

சங்கத்துக்கு ஒரு நெறி உண்டு: வாசலில் யாரிடமும் பெயர் கேட்கக் கூடாது. முன்பொரு வெள்ளத்தின்போது, இடுப்பளவு நீரில் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்ற ஒருவர், "நாங்க உங்க கூட்டத்து ஆளுங்க இல்லையே, உள்ள வரலாமா?" என்று கேட்டாராம். அன்றைய தலைவர் அந்தக் கேள்வியைத் தம் வாழ்நாளில் மறக்கவில்லை. பெயர் கேட்டால் குலம் தெரியும், குலம் தெரிந்தால் வருகிறவரின் கால் தயங்கும் என்று எண்ணி, கேட்பதையே நிறுத்திவிட்டார். ஆகவே அங்கே பதிவு கிடையாது, அட்டை கிடையாது. தொழும் தரையிலேயே குழந்தைகளும் நோயாளிகளும் படுப்பதால், செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்ற ஒன்றுதான் கட்டளை. வெள்ளமானாலும் அதில் தளர்வில்லை.

அந்தக் கட்டளையே ஒருமுறை கூடத்தை மூழ்கடிக்கப் பார்த்தது. படிக்கட்டின் கீழே மலைபோல் குவிந்து கிடந்த செருப்புகள், முற்றத்தில் நீர் ஏறியதும் மெல்ல எழுந்து மிதந்து, சுற்றுச்சுவரில் நீர் வெளியேற விட்டிருந்த துவாரத்தில் போய்த் தக்கைபோல் அடைத்துக்கொண்டன. மழைநீர் போக வழியில்லாமல் படியேறத் தொடங்கியது. காரணம் புரியாமல் எல்லாரும் விழிக்க, கடைசியில் சமையல்காரர் மூழ்கிக் கையை விட்டு, கை கொண்டமட்டும் செருப்புகளை அள்ளி அள்ளி எறிந்தார். "வெள்ளத்தால செத்தாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். செருப்பால செத்தாங்கன்னு பேர் வாங்க இருந்தோமே!" என்று அவர் சொன்னதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பத்திரக்கா மட்டும் சிரிப்பதில்லை. அன்று தொடங்கியதுதான் இந்தக் கொடியும் கொக்கியும் முடிச்சும். கட்டுவதற்கான துணிக்கீற்றுகள் அவருடைய தம்பியின் தையற்கடையில் மிஞ்சும் ஓரத்துண்டுகள். பூப்போட்டவை, கோடுபோட்டவை, பள்ளிச் சீருடை நீலம் என்று பல வகை.

நாளடைவில் சங்கத்தாரிடம் ஒரு பழக்கம் படிந்தது. வாயிலை அடைக்கும் முன் கொடியை ஒருமுறை பார்ப்பார்கள். கொக்கி காலியாக இருந்தால் யாரோ வெளியே போயிருக்கிறார் என்று பொருள், காத்திருப்பார்கள். எல்லாம் நிறைந்திருந்தால் அடைத்துவிடுவார்கள். செருப்பு தொங்கினால் ஆள் உள்ளே. பெயர் கேளாத இடத்தில் அதைவிட நல்ல கணக்கு வேறு என்ன இருக்க முடியும்?

வாயில் என்பது வெறும் கதவன்று. இருபுறக் கல்தூண்களிலும் நெடுக்குப் பள்ளமாகக் காடி வெட்டி, அதில் மேலிருந்து கனமான பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார்கள். பலகை இறங்கி, சுவர்த் துவாரத்தையும் மூட்டையால் அடைத்துவிட்டால் வெள்ளம் வெளியே, மனிதர் உள்ளே. அந்தப் பலகைகளை முதலில் கேட்பவர் எப்போதும் பத்திரக்காதான். தெருவில் நீர் பளபளக்கத் தொடங்கியதுமே "ஐயா, போட்டுடலாமே" என்று ஆரம்பித்துவிடுவார். சங்கத்துச் செயலாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர், பொறுமைசாலி. "இரும்மா, கணுக்கால்கூட நனையல" என்பார். "கணுக்கால் நனைஞ்ச அப்புறம் கழுத்து நனைய எவ்வளவு நேரம் ஆகும்யா?" என்பார் இவர்.

இனித் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்திரக்கா மூத்தவர். அவருக்குப் பின் பிறந்த இருவர் குழந்தையிலேயே போய்விட்டனர். கடைசியாகப் பிறந்தவர் தம்பி. நடை பழகும் வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய இடக்காலைச் சூம்பவைத்துவிட்டுப் போயிற்று. தாய் இறந்தபின் அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அக்காதான். அக்காவின் கணவர் காலமாகி, மகளும் மணமாகி வேறூர் போன பிறகு, மறுபடியும் ஒரே வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும். தம்பி மணம் செய்துகொள்ளவில்லை. "ஒரு ஆள் என்னை நெனைச்சுப் பயந்துகிட்டு இருக்கறது போதாதா? இன்னொருத்தி வேற எதுக்கு?" என்பார்.

தம்பியின் செருப்பு ஊரறிந்தது. இடச்செருப்பின் அடியில் ரப்பர் அட்டைகளை அடுக்கி ஒட்டித் தைத்து, ஒரு சிறு பலகைபோல் உயர்த்தியிருக்கும். அதை அணிந்திருக்கும்போது அவர் நடையில் ஒரு சின்னத் தாளம் மட்டுமே கேட்கும். அணியாவிட்டால் இடக்காலின் விரல்நுனிகள்தாம் தரையைத் தொடும். சுவரையோ தோளையோ பிடிக்காமல் நடப்பது அரிது.

கடை கீழ்த்தெருவில். சென்ற வெள்ளம் அவருடைய பழைய தையல் மிஷினைக் கொண்டுபோனபோது, புதியதொன்றைச் சங்கமே வாங்கித் தந்தது. செயலாளர் தாமே அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். தம்பி அதை அன்றாடம் துடைத்து, எண்ணெயிட்டு, கடை மூடும்போது பழைய போர்வை ஒன்றால் கழுத்துவரை போர்த்திவிட்டு வருவார். "மிஷினுக்குக் குளிருதா?" என்று கேட்கிறவர்களுக்கு, "கடன் இல்லாம வந்த மருமக, பத்திரமா வச்சுக்க வேணாமா?" என்பார். அந்த ஒரு சொல்லைத் தம்பியும் அக்காவிடமிருந்தே எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த ஆண்டு ஆறு பொங்கிய நாள், பொழுது விடிந்தும் விடியாததுபோலவே கிடந்தது. வானம் கூரையின்மேல் இறங்கி உட்கார்ந்துவிட்டதோ என்று தோன்றியது. முற்பகலுக்குள் கீழ்த்தெரு மேடேறிவிட்டது. பத்திரக்கா கட்டினார், மாட்டினார், பார்த்தார். கட்டினார், மாட்டினார், பார்த்தார். தம்பியைக் கடையிலிருந்து ஆளனுப்பி இழுத்துவரச் செய்திருந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு, உள்ளே போகாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, அதைக் கட்டாத. குடு."

"எதுக்கு?"

"மிஷினைத் தரையிலயே விட்டுட்டு வந்துட்டேன். உன் ஆளு வந்து நின்ன அவசரத்துல எதையும் எடுக்க முடியல. தலையை மட்டும் கழட்டிப் பரண்ல ஏத்தி வச்சுட்டு ஓடி வந்துடறேன்."

"ஓடி வருவியா? நீயா?"

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். தம்பி அதைக் கேளாதவர்போல் நின்றார்.

"சரி, நடந்தே வரேன். தெருவுல இன்னும் முழங்கால்தான்."

"மிஷின் போனா போகுதுடா. சங்கத்துல சொல்லி வேற வாங்கித் தரேன்."

"இதே சங்கம் குடுத்ததுதான்க்கா இது. இதையும் தண்ணியில விட்டுட்டு, இதே வாசல்ல வந்து மறுபடியும் கை நீட்டச் சொல்றியா?"

"நீட்டு. கை இருந்தாதான நீட்ட முடியும்? உள்ள போ."

தம்பி தூணை விட்டு, சுவரைப் பிடித்து, உள்ளே போனார். அந்தச் சோடியை மட்டும் பத்திரக்கா தம் தலைக்கு மேலிருந்த கொக்கியில் மாட்டினார். வழக்கமான இரண்டு முடிச்சுகளுக்கு மேல் மூன்றாவதும் இட்டார்.

நண்பகலுக்குப் பின் மழையின் ஓசை மாறிற்று. அதுவரை தெருவில் விழுந்துகொண்டிருந்த நீர், இப்போது நீரின்மேல் விழுந்தது. அதன் அடியில் வேறொரு ஒலியும் இருந்தது: தொலைவில் யாரோ ஓயாமல் மரப்பெட்டியை இழுப்பதுபோன்ற ஒலி. சங்கத்து லாரியை ஓட்டுகிறவர் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு நனைந்தபடி வந்து, செயலாளரின் காதோடு சொன்னார். காதோடு சொன்னது பத்திரக்காவுக்கும் கேட்டது. கரை ஓரிடத்தில் அறுத்துக்கொண்டுவிட்டது. சங்கத்தின் ஒரே படகோ அக்கரைக்குச் சோறு கொண்டுபோனது, திரும்பவில்லை.

"ஐயா, போட்டுடுங்க. இன்னிக்காவது நான் சொல்றதைக் கேளுங்க. போட்டுடுங்க" என்றார் பத்திரக்கா.

செயலாளர் இம்முறை மறுக்கவில்லை. லாரிக்காரர் கொடியோரமாகவே நடந்து, கொக்கிகளைக் கையால் தொட்டுக்கொண்டே போனார். "எல்லாம் தொங்குது. ஒரு கொக்கிகூடக் காலியில்ல."

"அப்ப எல்லாரும் உள்ள" என்றார் செயலாளர்.

முதற் பலகை காடியில் இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் பத்திரக்காவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அமர்ந்தது. தம்பியின் முகம் வாடியிருந்தது நினைவுக்கு வர, ஒரு குவளைத் தேநீர் வாங்கிக்கொண்டு உள்ளே தேடிப்போனார்.

சுவரோரப் பாய்களில் இல்லை. மருந்து கொடுக்கும் மேசையருகில் இல்லை. சமையல்காரர் சட்டுவத்தை ஆட்டிக்கொண்டே, "அவனா? கழிப்பறையில இருப்பான். செருப்பு தொங்குதே, எங்க போயிருவான்? அது இல்லாம அவன் வாசப்படியைக்கூடத் தாண்டமாட்டானே" என்றார்.

கழிப்பறையிலும் இல்லை.

திரும்பிப் பின்கட்டு வழியே வந்தபோது பத்திரக்கா தரையைப் பார்த்தார். காலையில் ஒரு மாவு மூட்டை அங்கே கிழிந்துபோயிருந்தது. பாதி கூட்டியும் பாதி கூட்டாமலும் தரை வெளுத்திருந்தது. அந்த வெளுப்பில் ஒரு வலது பாதம் முழுமையாகப் பதிந்திருந்தது. அதன் பக்கத்தில் பாதம் இல்லை. ஐந்து விரல்நுனிகள் மட்டும், கோழி கொத்தியதுபோல். மறுபடி ஒரு முழுப் பாதம். மறுபடி ஐந்து புள்ளிகள். காய்கறி மூட்டை இறக்கும் பின்வாசலை நோக்கி அவை போயின. அங்கே விடியற்காலையிலேயே பலகைகளைப் போட்டிருந்தார்கள். மேற்பலகையின் விளிம்பில் மாவு படிந்த ஓர் உள்ளங்கை. அதற்கு அப்பால் கலங்கிய நீர்.

குவளை கையிலிருந்து விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. சமையல்காரர் அந்தப் புள்ளிகளைப் பார்த்தார். பிறகு பத்திரக்காவைப் பார்த்தார். 

வாயிலில் இரண்டாவது பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பத்திரக்கா ஓடிவந்து அதை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். எக்காலத்திலும் "போடுங்க, போடுங்க" என்றே கேட்டுப் பழகிய அந்தக் குரல் "போடாதீங்க!" என்று அலறியதைக் கேட்டு, பிடித்திருந்தவர்கள் திகைத்து நின்றார்கள்.

"என் தம்பி வெளியில இருக்கான்."

"செருப்பு..." என்று தொடங்கிய செயலாளர், கொடியை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். தலைக்கு மேலே, நீலத் துணிக்கீற்றில், உயர்ந்த அடியோடு அந்தச் சோடி ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்கிட்டக் கேட்டான்யா. நான்தான் குடுக்கல. வெறுங்காலோட போயிட்டான். வெறுங்காலோட அவனால தரையிலயே நிக்க முடியாது."

லாரிக்காரர் தார்ப்பாய் கட்டும் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கி, ஒரு நுனியைத் தூணில் கட்டி, மறுநுனியைத் தம் இடுப்பில் சுற்றிக்கொண்டார். பத்திரக்கா பலகையைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"நீங்க வந்தா நான் ரெண்டு பேரைத் தேடணும்க்கா. இங்கயே நில்லுங்க. கயித்துல கையை வச்சிருங்க. ரெண்டு தடவை இழுத்தேன்னா எல்லாரும் சேர்ந்து இழுங்க."

அவர் போனார். முதலில் முதுகு தெரிந்தது, பிறகு தலை, பிறகு மழை மட்டும்.

பத்திரக்கா கயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கயிறு உயிருள்ளதுபோல் நடுங்கியது. அது நீரின் இழுப்பா, மனிதரின் இழுப்பா, தம் கையின் நடுக்கமா என்று அவருக்கு விளங்கவில்லை. ஒருமுறை அசைந்தால் மூச்சை அடக்கி இரண்டாம் அசைவுக்குக் காத்திருந்தார். அது வரவில்லை. வெள்ளம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போயிற்று: ஒரு முக்காலி, ஒரு கதவு, மூடி கழன்ற ஒரு டப்பா. பிறகு ஒரு சட்டை வந்தது. நீரின்மேல் குப்புறக் கிடந்து, இரு கைகளையும் விரித்துக்கொண்டு, மெல்லத் திரும்பியபடி வந்தது.

பத்திரக்காவின் வாயிலிருந்து வந்த ஒலியைக் கேட்டு உள்ளே ஒரு குழந்தை அழத் தொடங்கிற்று.

சட்டை பலகையில் வந்து முட்டியது. அதற்குள் யாரும் இல்லை. கழுத்துப்பட்டி இருந்தது, பொத்தான்கள் இன்னும் தைக்கப்படவில்லை. தம்பி முந்தைய நாள் மாலை வெட்டித் தைத்த சட்டை. அப்படியானால் கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பத்திரக்கா அதை எடுக்கவில்லை. அது திரும்பிப் படுத்துப் போய்விட்டது.

"அம்மா, ரெண்டாவதைப் போட்டுடறோம். ஆள் வந்தா மேலால தூக்கிடலாம்" என்றார் செயலாளர். போட்டார்கள். சற்று நேரத்தில் மூன்றாவதையும் போட்டார்கள். கயிறு மேற்பலகையின்மேல் வளைந்து கிடந்தது. ஒவ்வொரு பலகைக்கும் அவர் "பொறுங்கய்யா, பொறுங்கய்யா" என்றார். ஒவ்வொன்றையும் செயலாளர் பொறுத்துப் பொறுத்தே இறக்கினார்.

ஒரே ஒரு பலகை மிஞ்சியிருந்தது. அதையும் இறக்கிவிட்டால், அந்த உயரத்துக்கு மேல் எட்டி ஒரு மனிதரை உள்ளே இழுப்பது எளிதன்று. கால் ஊன்ற முடியாதவரை இழுப்பது இன்னும் கடினம். எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. செயலாளர் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். 

"அம்மா... உள்ள எல்லாரும் தரையில படுத்திருக்காங்க" என்றார். 

பத்திரக்கா திரும்பிப் பார்த்தார். கதவு வழியே பாய்கள் தெரிந்தன. நேற்றுப் பிறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி சுவரில் சாய்ந்திருந்தாள். முதியவர் ஒருவர் போர்வைக்குள் இருமிக்கொண்டிருந்தார். மறுபடி வாயிலைப் பார்த்தபோது, மூன்றாம் பலகையின் விளிம்பில் நீர் மெல்லிய ஏடுபோல் வழியத் தொடங்கியிருந்தது. அது அவருடைய பாதத்தைத் தொட்டது. தொட்டுவிட்டு, முற்றத்தைக் கடந்து, படிகளை நோக்கிப் போயிற்று.

"போடுங்க" என்றார்.

யாரும் அசையவில்லை.

"போடுங்கன்றேன்ல!"

தாமே கயிற்றிலிருந்து கையை எடுத்து, பலகையின் ஒரு முனையைப் பிடித்தார். செயலாளர் மறுமுனையைப் பிடித்தார். கயிற்றுக்கு மட்டும் இடம்விட்டு அதைக் காடியில் இறக்கினார்கள். அது அமர்ந்த சத்தம் இம்முறை அவர் நெஞ்சில் எதையும் அமர்த்தவில்லை. நெற்றியைப் பலகையில் வைத்துக்கொண்டு நின்றார். மரத்துக்கு அப்புறம், நெற்றிக்கு நேராக, வெள்ளம் ஓடுவது எலும்பில் கேட்டது.

கயிறு இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது.

"இழுங்க!" என்று கத்தியவர் சமையல்காரர். அண்டா தூக்கும் கைகள் அத்தனையும் கயிற்றில் விழுந்தன. முக்காலிகளையும் மூட்டைகளையும் அடுக்கி அவற்றின்மேல் ஏறி நின்று, மேற்பலகையைத் தாண்டிக் கையை நீட்டி, முதலில் ஒரு தலையையும், பிறகு அதன் முதுகில் குழந்தைபோல் கட்டிக்கொண்டிருந்த இன்னொரு தலையையும் பிடித்தார்கள். கடைக்கு இப்பால், ஒரு வீட்டின் சன்னல் கம்பியில் கையை நுழைத்துக் கோத்துக்கொண்டு தம்பி நின்றிருந்தாராம். நின்றது வலக்கால் மட்டும்.

பத்திரக்கா அழவில்லை. தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துத் தம்பியின் முதுகில் ஓங்கி இரண்டு அடி அடித்தார். பிறகு அதே துண்டால் அவர் தலையைத் துவட்டினார்.

"மிஷினைப் பரண்ல ஏத்திட்டேன்க்கா" என்றார் தம்பி, பற்கள் தந்தியடிக்க.

"ஏத்தினியா? நீ போயிருந்தா அந்த மிஷினாடா என்னை அக்கான்னு கூப்பிடும்?" என்று இரைந்தார். சற்றுக் கழித்துக் குரல் இறங்கியது. "எங்கிட்டச் சொல்லாம ஏண்டா போன?"

"சொன்னா விடமாட்டியே."

"செருப்பையாவது போட்டுக்கிட்டுப் போயிருக்கலாமில்ல?"

"அது உங்கிட்டல்ல இருந்துச்சு."

தம்பி அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவர் உள்ளதைச் சொல்வதுபோல் சொன்னார். துவட்டிக்கொண்டிருந்த கை ஒருகணம் நின்று, மறுபடியும் துவட்டியது.

மாலைக்குள் மழை தளர்ந்தது, நீர் தளரவில்லை. கடைசிப் பலகையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வந்து, ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல், உள்ளிருப்பவர்களை எட்டிப் பார்ப்பதுபோல் நின்றது. செயலாளர் அடிக்கடி போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். சமையல்காரர் சோற்றை ஓசையின்றிப் பரிமாறினார். தம்பி இரண்டு போர்வைகளுக்குள் சுவரோரமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்திலும் ஒரு கை எதையோ பிடித்திருப்பதுபோல் மடங்கியிருந்தது.

பத்திரக்கா முகப்புக்குப் போனார். தலைக்கு மேலிருந்த சோடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முடிச்சுகளை அவிழ்க்கப் பார்த்தார். ஈரத்தில் துணி ஊறி இறுகியிருந்தது. அவர் இட்ட முடிச்சு அவருக்கே இளகவில்லை. குனிந்து, பற்களால் கடித்து, ஒன்று, அதன்பின் மற்றொன்று, அதன்பின் மூன்றாவது என்று அவிழ்த்தார்.

பிறகு அந்தச் செருப்புகளைக் கையிலெடுத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். இத்தனை ஆண்டுகளில், கைக்குழந்தையின் காலுறைச் செருப்பைக்கூட அவர் அந்தப் படியைத் தாண்ட விட்டதில்லை. செயலாளர் பார்த்தார். ஏதோ சொல்லப்போனவர், குனிந்து பக்கத்துப் பாயின் சுருக்கத்தை நீவிவிட்டார். பத்திரக்கா தம்பியின் அருகில் மண்டியிட்டு, இரண்டு செருப்புகளின் அடிகளையும் துண்டால் துடைத்து, அவர் கை எட்டும் தூரத்தில் தரையில் வைத்தார். வைத்தவர் சற்று யோசித்து, அவற்றை மறுபடி எடுத்து, முனைகள் வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.